ட்ரான்சிட்டில் மாட்டிக்கொண்டவருக்கு எந்த நாட்டுச் சட்டம்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பிரான்ஸின் வாட்ரி விமான நிலையத்தைப் பற்றி எழுதியிருந்தேன். 2023 டிசம்பர் 21 அன்று, ஃபுஜைராவிலிருந்து நிகரகுவாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு விமானம் எரிபொருள் நிரப்ப அங்கே இறங்கியது. ஆள்கடத்தல் நடக்கிறது என்று யாரோ பெயர் சொல்லாமல் தகவல் கொடுக்க, உள்ளே இருந்த 303 இந்தியர்களையும் போலீஸ் இறக்கி நிறுத்திவிட்டது. விமான நிலையத்தையே காத்திருப்பு மண்டலம் (நாட்டுக்குள் விடாதவர்களை முடிவு வரும்வரை தடுத்து வைக்கும் இடம்) என்று அறிவித்து, ஹாலில் மடக்குக் கட்டில் போட்டு, நீதிபதிகள் அங்கேயே வந்து விசாரணை நடத்தினார்கள். கடைசியில் 276 பேர் டிசம்பர் 26 விடியற்காலை மும்பையில் இறங்கினார்கள், 25 பேர் புகலிடம் கேட்டுப் பிரான்ஸிலேயே தங்கினார்கள். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: அக்கா, நான் சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு. ட்ரான்சிட் மண்டலங்களில் மாட்டிக்கொள்ளும் புலம்பெயர்வோரின் சட்ட நிலை பற்றி ஐரோப்பாவில் ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப் போக ஆசை. அங்கே உண்மையில் என்ன வேலை கொடுப்பார்கள்? (மதுரை வாசகி)

பெரும்பாலும் காகித வேலைதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முள்வேலிக்குப் பக்கத்தில் நின்று சாட்சி சொல்வது போல ஒரு கற்பனையோடு வந்து இரண்டாவது வாரமே முகம் தொங்கிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நீதிமன்ற உத்தரவுகளைப் படிப்பது, அவற்றை ஒரு அட்டவணையில் ஏற்றுவது, தொலைபேசியில் வரும் அழைப்புகளைக் குறித்துக்கொள்வது, யாராவது மூத்த வழக்கறிஞர் எழுதும் அறிக்கைக்கு அடிக்குறிப்பு சரிபார்ப்பது. ஆனால் இந்தத் துறையில் அந்தக் காகிதம்தான் எல்லாம். ஏனென்று சொல்கிறேன்.

பிரான்ஸில் ஒருவரை எல்லையில் நிறுத்தினால் முதல் 4 நாள் வரை எல்லைப் போலீஸே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் நீதிபதியிடம் போகவேண்டும், அவர் 8 நாள் கொடுக்கலாம், பிறகு விதிவிலக்காக இன்னொரு 8 நாள். மொத்தம் 20. கடைசி நாட்களில் புகலிடம் கேட்டால் இன்னும் சில நாள் நீளும், 26 வரை. 1992 ஜூலையில் வந்த சட்டத்தின் அடித்தளம் இதுதான். அப்படியென்றால் அந்த மனிதரின் விடுதலை எதில் தொங்குகிறது? அவர் கதை உண்மையா பொய்யா என்பதை இந்த நீதிபதி தீர்மானிப்பதில்லை. எந்த மணிக்கு நிறுத்தினார்கள், எந்த மணிக்கு உரிமைகளைச் சொன்னார்கள், எந்த மொழியில் சொன்னார்கள், எந்த மணிக்கு நீதிமன்றத்துக்கு எழுதினார்கள் என்பதைத்தான் அவர் பார்க்கிறார். விமானக் கதவிலேயே காலை 6.40-க்கு மறித்திருக்கிறார்கள், உரிமைகளை வாசித்துக்காட்டியதாகத் தாளில் இருப்பது 9.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மூன்று மணி நேரம் அந்த ஆள் எங்கே இருந்தார், மொழிபெயர்ப்பாளருக்கு எப்போது போன் போட்டார்கள் என்று வழக்கறிஞர் பிடித்துக்கொள்வார். ஒரு மனிதரின் எதிர்காலம் இப்படி ஒரு மணிக்கணக்கில் நிற்பது சிலருக்கு அற்பமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை, போலீஸ் அதிகாரம் எங்கே தடுக்கி விழும் என்று கேட்டால் அங்கேதான் விழும்.

2022 நவம்பரில் ஓஷன் வைக்கிங் என்ற மீட்புக் கப்பல் 234 பேரோடு டூலோன் துறைமுகத்துக்கு வந்தது. பக்கத்தில் ஜியென் தீபகற்பத்தில் ஒரு விடுமுறை விடுதி வளாகத்தையே காத்திருப்பு மண்டலம் ஆக்கினார்கள். உள்ளூர் நீதிமன்றத்துக்கு ஒரே நேரத்தில் அத்தனை வழக்கு வந்து குவிந்ததும், சட்டம் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் விசாரித்து முடிக்க முடியாமல், பெரும்பாலோரை வெளியே விட வேண்டியதாயிற்று. அரசாங்கம் அவர்களில் பலரை நாட்டுக்குள் விடுவதில்லை என்றுதான் முடிவு செய்திருந்தது. கடிகாரம் விட்டுவிட்டது.

ஆகவே நீங்கள் விண்ணப்பத்தில் "மனித உரிமைகளில் ஆர்வம்" என்று எழுதுவதை விட, தேதி, நேரம், மொழி, வழக்கறிஞர் பேசிய நிமிடம், தீர்ப்பு என்று பத்து வழக்குகளைப் பிரித்து ஒரு பட்டியல் போட்டு இணைத்தால் எடுக்கிறவர்களுக்கு உங்கள் மேல் கண் விழும். பாரிஸுக்கு வெளியே சார்ல் து கோல் விமான நிலையம் இருக்கும் ரொய்சியில், தடுத்து வைத்திருக்கும் கட்டடத்தை ஒட்டியே 2017 அக்டோபரிலிருந்து ஒரு நீதிமன்ற அறை இயங்குகிறது, போபினி நீதிமன்றத்தின் கிளை. விசாரணை பொதுவில் நடப்பது, யார் வேண்டுமானாலும் போய்ப் பின்வரிசையில் உட்காரலாம். தடுத்து வைத்திருக்கும் இடத்திலேயே நீதிமன்றம் வைப்பது சரியா என்று வழக்கறிஞர்கள் எவ்வளவோ எதிர்த்துப் பார்த்தார்கள், எனக்கும் அது பிடிக்காத ஏற்பாடுதான், ஆனால் ஆராய்ச்சி மாணவிக்கு அதைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது. நான் அந்தப் பக்கம் சட்ட உதவிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் கூடவே வருகிற மாணவர்களுக்குச் சொல்வது, முதல் வாரம் நீதிபதியைப் பார்க்காதீர்கள், மொழிபெயர்ப்பாளரைப் பாருங்கள் என்று. வழக்கறிஞர் பத்து நிமிடம் பேசுகிறார், மொழிபெயர்ப்பாளர் அந்த ஆளின் காதருகே குனிந்து இரண்டு வாக்கியம் சொல்கிறார், அவர் தலையை ஆட்டுகிறார். மீதி எட்டு நிமிடம் எங்கே போயிற்று? அதுவே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் போதும்.

பிரெஞ்சு தெரியாமல் பிரான்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டாம். ஆங்கிலம் மட்டும்தான் என்றால் ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றத் தீர்ப்புகளை வைத்து வேலை செய்யும் பல்கலைக்கழக மையங்களைப் பாருங்கள்.

கேள்வி: விமான நிலையத்தின் ட்ரான்சிட் பகுதி எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை, சர்வதேச இடம் என்று சொல்கிறார்களே, உண்மையா? (திருச்சி வாசகர்)

இல்லை. டியூட்டி ஃப்ரீ கடையில் ஒரு பாட்டிலைத் திருடிப் பாருங்கள், எந்த நாட்டுப் போலீஸ் வந்து கையைப் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

நீங்கள் கேள்விப்பட்டது எங்கிருந்து வந்தது என்றால், அந்த மண் தன்னுடையதுதான் என்பதை எந்த அரசும் மறுப்பதில்லை, ஆனால் அங்கே நிற்கிற ஆள் மட்டும் "இன்னும் உள்ளே வரவில்லை" என்று சட்டத்தில் பாவனை செய்துகொள்கிறது. நிலம் உள்ளே, ஆள் வெளியே. இந்தப் பாவனையை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதுதான் 30 வருடமாக நடக்கும் சண்டை.

முக்கியமான வழக்கு ஒன்று. 1992 மார்ச் 9 அன்று சோமாலியாவைச் சேர்ந்த அமூர் குடும்பத்துச் சகோதர சகோதரிகள் டமாஸ்கஸிலிருந்து பாரிஸ் ஓர்லி விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். உள்ளே விடவில்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலின் மாடியைப் போலீஸ் காவலோடு ட்ரான்சிட் ஆக்கி, 20 நாள் வைத்திருந்து, மார்ச் 29 அன்று சிரியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து, மார்ச் 31 அன்று, கிரெத்தேய் நீதிமன்றம் அவர்களை வைத்திருந்தது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. ஆள் போன பிறகு வந்த தீர்ப்பு! பிரெஞ்சு அரசின் வாதம் ஸ்ட்ராஸ்பூர்க்கில் எப்படி இருந்தது தெரியுமா, நாங்கள் யாரையும் அடைத்து வைக்கவில்லை, விமானம் ஏறி வெளியே போகிற கதவு எப்போதும் திறந்துதான் இருந்தது என்று. 1996 ஜூன் 25 அன்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேறெந்த நாடும் ஏற்றுக்கொள்ளத் தயாரில்லாதபோது, போகலாம் என்பது ஏட்டில்தான் இருக்கிறது, இது சுதந்திரப் பறிப்புதான் என்றது.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஆறு வாரம் முன்னால்தான், 1996 மே 14 அன்று, ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலைய நடைமுறை சரியே என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. அங்கே 1993-லிருந்து, புகலிடம் கேட்பவரை ட்ரான்சிட்டிலேயே வைத்து, 2 நாளில் அதிகாரி முடிவு, 3 நாளில் மேல்முறையீடு, பிறகு 14 நாளில் நீதிமன்றம் என்று அதிகபட்சம் 19 நாளுக்குள் முடித்துவிடப் பார்ப்பார்கள். வெளியே பறந்து போக வழி இருக்கும்போது அது சிறையே அல்ல என்றது அந்த நீதிமன்றம். ஒரே வருடம், ஒரே கேள்வி, இரண்டு பதில்.

1988 முதல் 2006 வரை பாரிஸ் சார்ல் து கோல் விமான நிலையத்தின் முதல் டெர்மினலில் வாழ்ந்த ஈரானியர் மெஹ்ரான் கரிமி நாசெரியைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். சுவாரசியமான மனிதர்தான், ஆனால் அவரை வைத்து ட்ரான்சிட்டைப் புரிந்துகொள்ள முடியாது. மாட்டிக்கொள்கிற பெரும்பாலோர் சில நாட்களில் காணாமல் போய்விடுகிறார்கள், ஒன்று உள்ளே, இல்லை வந்த வழியே. அவர்களைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை.

கேள்வி: ட்ரான்சிட் மண்டலத்தில் குழந்தை பிறந்தால் எந்த நாட்டுக் குடியுரிமை? (தஞ்சாவூர் வாசகர்)

பிரான்ஸில் பிறந்துவிட்டதால் மட்டும் யாரும் பிரெஞ்சுக் குடிமகன் ஆகிவிடுவதில்லை, எனவே வழக்கமாகப் பெற்றோரின் நாடுதான். பெற்றோர் இருவருமே நாடற்றவர்கள் என்பது போன்ற சில விதிவிலக்குகளில்தான் குழந்தை பிறந்ததுமே பிரெஞ்சுக் குடியுரிமை பெறும். பிறப்புச் சான்றிதழ் என்னவோ பிரெஞ்சு நகரசபைதான் கொடுக்கும், "அம்மா இன்னும் நாட்டுக்குள் வரவில்லை" என்பதெல்லாம் அந்த அலுவலகத்தில் செல்லாது.

கேள்வி: எம்.ஏ. ஆய்வேட்டுக்கு விமான நிலையங்களை எடுக்கலாமா, ஹங்கேரியின் எல்லை ட்ரான்சிட் மண்டலங்களை எடுக்கலாமா? எது நல்ல தலைப்பு? (புதுச்சேரி வாசகர்)

இரண்டையும் சேர்த்து எடுங்கள். ஒன்றை விட்டால் மற்றது புரியாது.

ஹங்கேரி 2015 செப்டம்பர் 15 அன்று செர்பிய எல்லையில் ரோஸ்கே, டோம்பா ஆகிய இடங்களில் கண்டெய்னர்களை அடுக்கி, சுற்றிலும் வேலி போட்டு ட்ரான்சிட் மண்டலங்களைத் திறந்தது. அதே நாளில் வந்து சேர்ந்தவர்கள் இரண்டு வங்கதேசத்துக்காரர்கள், வழக்கின் பெயரில் இலியாஸ், அஹமது. ஏறத்தாழ 110 சதுர மீட்டர் இடத்துக்குள் 23 நாள். அவர்களில் ஒருவருக்கு நடந்த முதல் விசாரணையைக் கேளுங்கள்: வங்கதேசத்திலிருந்து வந்த மனிதருக்கு டாரி மொழிபெயர்ப்பாளரை உட்காரவைத்தார்கள், ஆப்கானிஸ்தானில் பேசும் மொழி அது, அவருக்கு ஒரு சொல் தெரியாது. கையில் கொடுத்த விளக்கத் தாளும் டாரியிலேயே இருந்தது. தீர்ப்பிலேயே இது பதிவாகியிருக்கிறது, ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

2017 மார்ச்சில் ஸ்ட்ராஸ்பூர்க்கின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, இது தடுப்புக் காவல்தான் என்றது. மேல்முறையீட்டில் 2019 நவம்பர் 21 அன்று பெரிய அமர்வு அதை மாற்றியது: அவர்கள் விரும்பினால் செர்பியாவுக்கு நடந்தே திரும்பியிருக்கலாம், ஆகவே சுதந்திரப் பறிப்பு இல்லை. ஆனால் செர்பியாவுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று சரியாக ஆராயாமல் அனுப்பியது தவறு என்று இன்னொரு பிரிவின் கீழ் ஹங்கேரியைக் குற்றம் சொன்னது. அதே நாளில் அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பும் கொடுத்தது, மாஸ்கோ ஷெரெமெட்யெவோ விமான நிலையத்தின் ட்ரான்சிட்டில் 5 மாதத்திலிருந்து ஏறத்தாழ 2 வருடம் வரை தரையில் மெத்தை போட்டுக் கிடந்த நால்வரின் வழக்கு. அங்கே மட்டும் சுதந்திரப் பறிப்பு உண்டு. ஏன்? விமான நிலையத்திலிருந்து நடந்து போக முடியாது, டிக்கெட் வேண்டும், விசா வேண்டும், ஏற்றிக்கொள்ள ஒரு விமானம் வேண்டும்.

எனக்கு இந்த வித்தியாசம் இன்றைக்கும் செரிக்கவில்லை. புகலிட வழக்கைத் தொலைத்துவிட்டு, உன்னை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லாத நாட்டின் வயலுக்குள் இறங்கி நடப்பதை "விரும்பினால் போகலாம்" என்று எழுத ஒரு நீதிபதிக்கு எப்படி மனம் வந்ததோ. நல்லவேளை, லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2020 மே 14 அன்று அதே ரோஸ்கேயைப் பார்த்து, இது தடுப்புக் காவலேதான், செர்பியாவுக்குப் போனால் சட்டவிரோதமாக நுழைந்தவர் ஆகிவிடுவார், வழக்கும் போய்விடும், இதை விருப்பம் என்று சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. ஒரே வாரத்தில், மே 21 அன்று, ஹங்கேரி மண்டலங்களை மூடுவதாக அறிவித்தது. சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், அதற்குப் பதிலாக வெளிநாட்டிலுள்ள தூதரகத்தில் முதலில் மனுப் போட்டுவிட்டுத்தான் புகலிடமே கேட்கலாம் என்று கொண்டுவந்தார்கள், அது தனிக் கதை.

கூடவே 2021 மார்ச் 2 தேதியிட்ட ஆர்.ஆர். வழக்கையும் படியுங்கள். மூன்று குழந்தைகளோடு 2017-இல் ரோஸ்கேயில் ஏறக்குறைய நான்கு மாதம் இருந்த ஈரானிய-ஆப்கானியக் குடும்பம். அப்பா ஏற்கெனவே ஒருமுறை மனுச் செய்தவர் என்பதால் அவருக்குச் சாப்பாடு கிடையாது என்று விதி. மனைவி மக்கள் தட்டில் மிஞ்சியதைத்தான் அவர் சாப்பிட்டார். "சட்ட நிலை" என்ற சொல்லுக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது.

கேள்வி: என் மச்சான் இலங்கைக் கடவுச்சீட்டில் வந்து ரொய்சியில் மறிபட்டு நிற்கிறான். நாங்கள் லாச்சப்பலில் இருக்கிறோம். என்ன செய்யலாம், அண்ணை சொல்கிறார் ஏஜென்சிக்காரனிடம் கேட்கச் சொல்லி. (பெயர் வேண்டாம், பாரிஸ்)

உங்களுக்கு அப்போதே தனியாகப் பதில் எழுதியாயிற்று, ஆனால் இது நாளைக்கு இன்னொருவருக்கும் வரும் என்பதால் இங்கேயும் சொல்கிறேன். ஏஜென்சிக்காரனிடம் மட்டும் கேட்காதீர்கள். அவன் கொடுத்த கதையை அப்படியே ஒப்பித்து, இரண்டாவது கேள்வியிலேயே அகப்பட்டுக்கொண்டவர்கள் ஏராளம். உண்மையில் பட்டதைச் சொன்னாலே போதும் என்ற நிலையில் இருந்தவர்களும் அதில் உண்டு.

உள்ளே விட மறுக்கும் தாளிலேயே, ஒரு முழு நாள் கழியும்வரை திருப்பி அனுப்ப வேண்டாம் என்று கேட்கிற உரிமை இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும், கேட்காமல் கையெழுத்துப் போட்டால் அடுத்த விமானத்திலேயே ஏற்றிவிடலாம். தனியாக வந்த 18 வயதுக்குட்பட்டவருக்கு மட்டும் அது தானாகவே உண்டு, அவருக்கு ஒரு பொறுப்பாளரையும் நியமித்தாக வேண்டும். மொழிபெயர்ப்பாளர், மருத்துவர், வழக்கறிஞர், வெளியே ஒருவருக்குத் தகவல், இவையெல்லாம் எல்லோருக்கும் உண்டு.

புகலிடம் கேட்பதென்றால் அங்கே இருக்கும் எந்த நேரத்திலும் வாயால் சொன்னாலே போதும், படிவம் தேட வேண்டாம். அதற்குப் பிறகு ஒஃப்ப்ரா (பிரான்ஸின் அகதிகள் அலுவலகம்) அதிகாரி பேட்டி எடுப்பார், பெரும்பாலும் தொலைபேசியில். அவர் கருத்துதான் சொல்வார், முடிவு உள்துறை அமைச்சகத்துடையது. இந்தக் கட்டத்தில் பார்ப்பது அகதியா இல்லையா என்பதை அல்ல, முக்கியமாக, கோரிக்கை அப்பட்டமாக ஆதாரமில்லாததா என்பதைத்தான். ஏதாவது கொஞ்சம் பொருள் இருந்தால் உள்ளே விட்டு, வழக்கமான முறையில் விசாரிக்க வேண்டும். மறுத்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் நிர்வாக நீதிமன்றத்தில் மேல்முறையீடு, பிரெஞ்சில் எழுதியிருக்க வேண்டும், அது முடியும்வரை அனுப்ப முடியாது. இந்த உரிமைகூட 2007-க்கு முன் கிடையாது, ஓர் எரித்ரிய ஊடகவியலாளர் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஜெயித்த பிறகு வந்தது.

48 மணி நேரம் என்றால் இரண்டு வேலை நாள் என்று நினைக்காதீர்கள். சனிக்கிழமை மாலை தாளைக் கொடுத்தால் திங்கள் மாலை அவ்வளவுதான், ஞாயிற்றுக்கிழமைக்குத் தனிக் கணக்கு இல்லை. வெளியே இருக்கிற நீங்கள் செய்யக்கூடியது: முடிவுத் தாளில் எழுதியிருக்கும் மணியைப் போனில் வாசிக்கச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள், காத்திருப்பு மண்டலங்களில் சட்ட உதவி செய்யும் அனாஃபே என்ற சங்கத்துக்கு (1989-லிருந்து இருக்கிறது) உடனே போன் போடுங்கள், உங்கள் வதிவிட அட்டை, வீட்டு முகவரிக்கான ஆதாரம், உறவைக் காட்டும் பத்திரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நீதிபதி முன் வரும் நாளில் நேரில் போய் நில்லுங்கள். உறவுக்காரர் நேரில் வந்து நிற்பதற்கு மதிப்பு உண்டு. விமானத்தில் ஏற மறுத்தால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். மறுக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதற்குக் கிரிமினல் வழக்கும் சிறையும் வரலாம், வழக்கறிஞரிடம் பேசாமல் அந்த யோசனையை மச்சானுக்குச் சொல்லாதீர்கள்.

கேள்வி: மகள் இந்த மாதிரி இன்டர்ன்ஷிப் போகிறேன் என்கிறாள். செலவுக்கு ஏதாவது கொடுப்பார்களா? போலீஸ் தொந்தரவு வருமா? (கோவை வாசகர்)

போலீஸ் தொந்தரவு வராது ஐயா, பயப்பட வேண்டாம். பணம்தான் பிரச்சினை. பிரான்ஸில் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட இன்டர்ன்ஷிப் என்றால் சட்டப்படி ஊக்கத்தொகை கொடுத்தாக வேண்டும், 2025 கணக்கில் மணிக்குக் குறைந்தது 4.35 யூரோ, முழு நேரம் பார்த்தால் மாதம் 600 யூரோவுக்கு மேல். பாரிஸில் ஓர் அறை வாடகைக்கே அது போய்விடும். இதைத் தவிர்க்கச் சரியாக இரண்டே மாதம் என்று போடுகிற அலுவலகங்களும் உண்டு, மனித உரிமை பேசுகிற இடங்களிலேயே. கேட்க வெட்கப்பட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். கல்லூரி, அலுவலகம், மாணவி மூவரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இல்லாமல் விசா நகராது, அதற்குப் பிரெஞ்சு அதிகாரிகளின் ஒப்புதலும் வேண்டும், ஆகவே நாலைந்து மாதம் முன்னாலேயே ஆரம்பிக்கட்டும்.

கேள்வி: ஏஜென்டுக்குப் பணம் கொடுத்துத் திருட்டுத்தனமாக வருகிறவர்களுக்கு எதற்குச் சட்ட உதவி? முறையாக விசா எடுத்து வரவேண்டியதுதானே? (சென்னை வாசகர்)

முறையாக எந்த விசாவை எடுப்பது? புகலிடம் கேட்கப் போகிறேன் என்று தூதரகத்தில் சொல்லி, உரிமையாகக் கேட்டு வாங்கக்கூடிய விசா எதுவும் இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு, உள்ளே நுழையக்கூட அல்ல, ஐரோப்பிய விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே தனி விசா வேண்டும். ஆப்கானிஸ்தான், வங்கதேசம், எரித்ரியா, எத்தியோப்பியா, சோமாலியா என்று போகும் அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. எங்கிருந்து ஆட்கள் தப்பி ஓடுகிறார்களோ அந்த நாடுகளாகப் பார்த்துப் போட்டது போல இருக்கும்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு, நம்மவர்களுடையது. 1987 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரோவில் இறங்கிய ஈழத்தமிழர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைத் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்றப் பார்த்தபோது, அந்தக் குளிரில் ஓடுதளத்திலேயே உள்ளாடை மட்டும் மிஞ்சத் துணியைக் களைந்து போட்டு மறுத்தார்கள். அன்றைக்கு அனுப்பவில்லை. ஆனால் அந்த வருடமே, தகுந்த ஆவணம் இல்லாத ஒரு பயணியை ஏற்றிவந்தால் விமான நிறுவனத்துக்கு 1,000 பவுண்டு அபராதம் என்று பிரிட்டன் சட்டம் போட்டுவிட்டது. அதே வருடம் ஹார்விச் துறைமுகத்தில் எர்ல் வில்லியம் என்ற பழைய பயணிக் கப்பலைத் தடுப்பு முகாமாக்கி, தமிழர் பலரை அதில் வைத்தார்கள். அக்டோபர் புயலில் அந்தக் கப்பல் கட்டறுத்துப் போனது.

அபராதம் வந்தபின் கொழும்பிலோ சென்னையிலோ போர்டிங் பாஸ் கொடுக்கிற இளைஞன்தான் முதல் எல்லைக் காவலன். அவனுக்கு அகதிச் சட்டம் தெரியாது, கம்பெனி கட்டும் அபராதம் தெரியும். அவனைத் தாண்ட ஏஜென்ட் தேவைப்படுகிறான். ஏஜென்டை நான் நியாயப்படுத்தவில்லை, அவனால் ஏமாந்தவர்களின் காகிதங்களைப் படித்தே எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் 1951 அகதிகள் ஒப்பந்தத்தின் 31-ஆம் பிரிவு, ஆபத்திலிருந்து நேராக ஓடிவந்து உடனே தன்னை அதிகாரிகளிடம் ஒப்படைப்பவரைச் சட்டவிரோத நுழைவுக்காகத் தண்டிக்கக் கூடாது என்று சொல்லியிருப்பது சும்மா இல்லை. 1951-இலேயே தெரிந்திருந்தது, உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் விசா வாங்கிக்கொண்டு ஓடமாட்டான் என்று.

கேள்வி: ஐரோப்பாவில் புதுச் சட்டம் வந்து இதெல்லாம் மாறப்போகிறதாமே? (ஈரோடு வாசகி)

2024-இல் நிறைவேறிய ஐரோப்பிய ஒன்றியத்தின் குடியேற்ற, புகலிட ஒப்பந்தத்தைச் சொல்கிறீர்கள். அதன் முக்கிய விதிகளுக்கு 2026 ஜூன் 12 என்று தேதி குறித்திருக்கிறார்கள். எல்லையிலேயே வைத்து 12 வாரம் வரை புகலிட விசாரணை, அத்தனை நாளும் அந்த ஆள் "நாட்டுக்குள் வரவில்லை" என்ற அதே பாவனை. பிரான்ஸின் 20 நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆராய்ச்சி மாணவர்களுக்கு இன்னும் பல வருடத்துக்கு வேலை இருக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

கேள்வி: தடுத்து வைக்கப்பட்டவர்களை ஆய்வுக்காகப் பேட்டி எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? (சென்னை, ஆய்வு மாணவர்)

முதலில், நீங்கள் யார் இல்லை என்பதைச் சொல்லுங்கள். போலீஸ் இல்லை, ஒஃப்ப்ரா இல்லை, வழக்கறிஞர் இல்லை, என்னிடம் பேசினாலும் பேசாவிட்டாலும் உங்கள் வழக்கில் எதுவும் மாறாது. தமிழில் பேசுகிற ஒரே ஆள் நீங்களாக இருக்கும்போது அவர் உங்களைப் பிடித்துக்கொள்வார், தம்பி தம்பி என்று ஏதாவது செய்யச் சொல்வார். அங்கேதான் பலர் வாய்தவறி "பார்க்கிறேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். அவர் இரவெல்லாம் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சொல்லாதீர்கள்.

ஏன் ஓடிவந்தீர்கள் என்று கேட்கவே கேட்காதீர்கள். அந்தக் கதையை அவர் அதிகாரியிடம் சொல்லப்போகிறார் அல்லது சொல்லிவிட்டார், உங்களிடம் ஒரு விதமாகவும் அங்கே ஒரு விதமாகவும் வந்தால் முரண்பாடு அவர் தலையில்தான் விழும். உங்கள் தலைப்பு சட்ட நிலை. இங்கே வந்ததிலிருந்து என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், எந்த மொழியில், என்ன தாள் கொடுத்தார்கள், அதில் எதில் கையெழுத்துப் போட்டீர்கள், போடும்போது அது என்னவென்று தெரியுமா. இவ்வளவு போதும். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார், எடுத்துக் காட்டுவார். அவர் அனுமதியோடு பார்த்து மணியையும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள், படம் எடுக்க வேண்டாம், பெயரையும் கடவுச்சீட்டு எண்ணையும் உங்கள் நோட்டில் எழுதவே வேண்டாம், ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டு அந்த எண் யார் என்ற பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள்.

தாளைப் பார்க்கும்போது மேல்முறையீட்டுக் கெடு இன்னும் ஆறு மணி நேரம்தான் இருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை என்று புரிந்துவிட்டால்? பேட்டியை நிறுத்திவிட்டு சட்ட உதவிக்காரர்களைக் கூப்பிடுங்கள். ஆய்வின் நடுநிலை கெட்டுவிடும் என்று உங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.